ஜில்லென்ற வெள்ளை ஒயின், பக்கத்தில் என்ன தட்டு? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பகுதி வெள்ளை ஒயினைப் பற்றியவை. அதிலும் ஓக் பீப்பாய் வாசம் ஏறாத, இளசான, புளிப்பு துடிப்பாக நிற்கும் வகையைப் பற்றியவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: கடை அலமாரியில் இருபது வகை வெள்ளை ஒயின் இருக்கிறது. எது ‘ஃப்ரெஷ்’ வகை என்று லேபிளை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். திராட்சையின் பெயர் அல்லது ஊரின் பெயர், அறுவடை ஆண்டு, ஆல்கஹால் சதவீதம் ஆகியவற்றைப் பாருங்கள்.

முதலில் பெயர். சாவிஞ்ஞோன் பிளாங்க் என்றிருந்தால் அநேகமாக நீங்கள் தேடுவது அதுதான். பிரான்ஸில் சான்செர், நியூசிலாந்தில் மார்ல்பரோ இரண்டும் இந்தத் திராட்சைக்குப் பேர்போனவை. ஆனால் சான்செர் லேபிளில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்காது, ஊர்ப் பெயர் மட்டும்தான் இருக்கும். ஷாப்லி, இத்தாலியின் காவி, சொவாவே எல்லாம் இப்படி இடத்தின் பெயரை முன்னிறுத்துபவை. பிரான்ஸின் மஸ்கடே, பிக்பூல் த பினே இரண்டையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் வடமேற்கில் ரியாஸ் பைஷாஸ் பகுதியின் ஆல்பரீன்யோ, ருவேடாவின் வெர்தேஹோ, போர்ச்சுகலின் வடக்கிலிருந்து வரும் வின்யோ வெர்தே, ஆஸ்திரியாவின் க்ரூனர் வெல்ட்லினர், கிரேக்கத்தின் சாந்தொரினித் தீவு அசிர்ட்டிகோ, இனிப்பில்லாத ரீஸ்லிங் ஆகியவையும் இதே குடும்பம். ஷார்டனே என்று மட்டும் இருந்தால் பின்பக்கத்தையும் படியுங்கள். ‘ஓக்’, ‘வெண்ணெய்’, ‘வெனிலா’ என்ற சொற்கள் தென்பட்டால் அது வேறு ரகம். ஓக் தொடாத ஷார்டனேயும் உண்டு, அதை லேபிளிலேயே சொல்லிவிடுவார்கள்.

ரகம் பிரிவது தயாரிப்பில். ஃப்ரெஷ் வகைக்குச் சாற்றைத் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில், சுமார் 12 முதல் 18 டிகிரி செல்சியஸுக்குள் வைத்து நொதிக்க விடுகிறார்கள். சூடு ஏறினால் பழ வாசம் பறந்துவிடும். நொதித்த பிறகு மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும் இரண்டாவது கட்டத்தையும் பல தயாரிப்பாளர்கள் குளிரவைத்துத் தடுத்துவிடுவார்கள். பச்சை ஆப்பிளைக் கடித்தால் வரும் கூர்மை மாலிக் அமிலத்தின் வேலை. அது லாக்டிக்காக மாறினால் பால் சார்ந்த மென்மை வந்துவிடும். ஷாப்லியில் பெரும்பாலும் இந்த மாற்றத்தை அனுமதிக்கிறார்கள், ஆனாலும் குளிர்ப் பிரதேசத்துத் திராட்சை என்பதால் புளிப்பு போதிய அளவு மிஞ்சுகிறது.

ஆல்கஹால் 11 முதல் 13 சதவீதம் என்றால் சரியான திசையில் போகிறீர்கள். ரீஸ்லிங் பாட்டிலில் 8 சதவீதம் என்றிருந்தால், சர்க்கரை முழுவதும் நொதிக்காமல் மிச்சம் இருக்கிறது என்று பொருள். 12 என்றால் பெரும்பாலும் இனிப்பற்றது. பிரெஞ்சு லேபிளில் ‘செக்’, ஜெர்மன் லேபிளில் ‘ட்ரோக்கன்’, ஸ்பானிய லேபிளில் ‘செகோ’, இத்தாலிய லேபிளில் ‘செக்கோ’ என்றால் இனிப்பில்லாதது.

கேள்வி: ஆண்டு எவ்வளவு பழசாக இருக்கலாம்?

பதில்: அறுவடையிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் குடித்துவிடுவது நல்லது. வின்யோ வெர்தே, பீனோ கிரிஜியோ போன்றவற்றை ஓராண்டுக்குள்ளேயே முடியுங்கள். ‘ஒயின் பழசானால் உயர்வு’ என்ற பேச்சு இவற்றுக்குப் பொருந்தாது. நல்ல ரீஸ்லிங், ஷாப்லி, அசிர்ட்டிகோ, ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கு செமியான் ஆகியவை விதிவிலக்கு. அவை பல ஆண்டுகள் தாங்கும், ஆனால் சுவை முற்றிலும் மாறிவிடும்.

இன்னொரு கணக்கையும் நினைவில் வையுங்கள். தென்கோளத்தில் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, ஐரோப்பாவில் ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை. ஆகவே ஒரே ஆண்டு அச்சான நியூசிலாந்து பாட்டில், பிரெஞ்சு பாட்டிலைவிட ஏறக்குறைய ஆறு மாதம் மூத்தது.

கேள்வி: மீனுக்கும் கோழிக்கும் வெள்ளை, ஆட்டிறைச்சிக்குச் சிவப்பு என்று சொல்கிறார்கள். இந்த ஒரு விதி போதுமா?

பதில்: அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான். தட்டில் இருப்பது மீனா கோழியா என்பதைவிட, அது எப்படிச் சமைக்கப்பட்டது, மேலே என்ன சாஸ் ஊற்றப்பட்டது என்பதே முடிவு செய்கிறது. அதே மீனை எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் தடவிச் சுட்டால் ஒரு ஒயின், கெட்டியான க்ரீம் சாஸில் மூழ்கவைத்தால் இன்னொரு ஒயின்.

நாங்கள் சொல்லும் வழி இது. இந்த உணவின் மேல் எலுமிச்சை பிழிந்தால் நன்றாக இருக்குமா என்று உங்களையே கேளுங்கள். ஆம் என்றால், புளிப்பான இளம் வெள்ளை ஒயின் அந்த எலுமிச்சையின் வேலையைச் செய்துவிடும். பொரித்த கணவாய், வறுத்த மீன், பூண்டு இறால், வேகவைத்த நண்டு, மூலிகை தடவிய கோழி, உப்பு தூக்கலான சீஸ், மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறிகள் எல்லாம் இந்தக் கேள்வியில் தேறிவிடும். சாக்லெட் கேக், நெடுநேரம் வெந்த மாட்டிறைச்சி, கேரமல் சாஸ் இவற்றில் எலுமிச்சை பிழியக் கை போகாது. அங்கே இந்த ஒயினும் வேண்டாம்.

ஏன் இப்படி என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு கிளாஸ் ஒயின், ஒரு துண்டு எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, அரை டீஸ்பூன் சர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒயினை மட்டும் ஒரு வாய் குடியுங்கள். பிறகு எலுமிச்சையை நாக்கில் தொட்டு, உப்பையும் தொட்டுக்கொண்டு மறுபடி குடியுங்கள். ஒயினின் புளிப்பு மட்டுப்பட்டு, பழச்சுவை முன்னுக்கு வரும். தண்ணீர் குடித்து வாயைச் சுத்தம் செய்துவிட்டு, சர்க்கரையைச் சப்பிவிட்டுக் குடித்துப் பாருங்கள். அதே ஒயின் இப்போது வெறும் புளித்தண்ணீராகத் தெரியும். உணவில் உள்ள புளிப்பும் உப்பும் ஒயினை மென்மையாக்கும், இனிப்பு அதைக் கடுமையாக்கும்.

இதிலிருந்து எழும் கட்டுப்பாடுகள் இரண்டு. ஒயினின் புளிப்பு உணவின் புளிப்புக்குக் குறையக்கூடாது, குறைந்தால் ஒயின் சப்பென்றாகிவிடும். உணவின் இனிப்பு ஒயினின் இனிப்பைத் தாண்டக்கூடாது, தாண்டினால் ஒயின் கசக்கும். தேன் பூசிச் சுட்ட கோழி, இனிப்பு தூக்கலான சோயா சாஸ் எல்லாம் இந்த இரண்டாவது கட்டுப்பாட்டில்தான் அடிபட்டுப் போகின்றன. கோழி தானே, வெள்ளை பொருந்தும் என்று நினைத்து ஊற்றினால் ஏமாற்றம்தான்.

உமாமி எனப்படும் ஆழ்ந்த சுவையும் தொந்தரவு தரும். காளான், சோயா, வெயிலில் உலர்த்திய தக்காளி போன்றவை தனியாக வந்தால் ஒயினின் கசப்பையும் புளிப்பையும் தூக்கிக் காட்டும். அந்தத் தட்டில் கொஞ்சம் உப்பும் சில துளி எலுமிச்சையும் கூட்டினால் பிரச்சினை பெரும்பாலும் அடங்கிவிடும். வேறு பாட்டில் தேடுவதைவிட இது எளிது.

கேள்வி: மீனோடு சிவப்பு ஒயின் குடித்தால் வாயில் இரும்பைக் கடித்தது போல் ஒரு சுவை வருகிறது. கற்பனையா?

பதில்: கற்பனை இல்லை, சொல்லப்போனால் இரும்புதான் காரணம். 2009இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வு, ஸ்காலப் சிப்பியைப் பல ஒயின்களோடு சேர்த்துச் சோதித்தது. ஒயினில் கரைந்த இரும்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டும்போது மீன் கவிச்சி பலமாகக் கிளம்பியது. மீனின் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைவதை இரும்பு வேகப்படுத்துகிறது என்பது அதன் விளக்கம். பாட்டில் லேபிளில் இரும்பின் அளவு இருக்காது. அதனால் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மிகுந்த மீனுக்குப் புளிப்பான வெள்ளை ஒயினே பத்திரமான தேர்வு. மீன் பழசாக இருந்தால் எந்த ஒயினும் காப்பாற்றாது.

கேள்வி: எந்த ஒயினுக்கு எந்த உணவு என்று சில ஜோடிகளைச் சொல்லுங்களேன்.

பதில்: நிச்சயமாகச் சொல்லக்கூடியவை இவை.

ஆய்ஸ்டர் சிப்பியை பச்சையாகச் சாப்பிடுவதென்றால் மஸ்கடே அல்லது பிக்பூல். பிரான்ஸில் நான்ட் நகரைச் சுற்றி விளைவது மஸ்கடே. பிக்பூல் தோட்டங்கள் ஆய்ஸ்டர் வளர்க்கும் தோ உப்பேரிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மஸ்கடேயில் ‘சுர் லீ’ என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். நொதித்து முடித்த ஈஸ்ட் வண்டலின் மேலேயே குளிர்காலம் முழுக்கக் கிடந்த ஒயின் அது. அதனால் கொஞ்சம் சதைப்பற்றும் ரொட்டி வாசமும் கூடியிருக்கும்.

குடைமிளகாய், பச்சைப் பட்டாணி, துளசி, பார்ஸ்லி எனப் பச்சை நிறம் தூக்கலான தட்டுக்குச் சாவிஞ்ஞோன் பிளாங்க். குடைமிளகாயின் வாசத்துக்குக் காரணமான மெத்தாக்ஸிபைரஸின் என்ற பொருள் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. தக்காளிச் சாலட்டுக்கும் இதுவே சரி, தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும்.

இறால், நண்டு, கணவாய் என்றால் ஆல்பரீன்யோ. லேசான உப்புக்கரிப்பும் பீச் பழ வாசமும் கடல் உணவின் மெல்லிய இனிப்போடு போகும். மாவு பூசிப் பொரித்த எதற்கும் சிறு நுரைப்புள்ள வின்யோ வெர்தே. எண்ணெய்ப் பூச்சை நாக்கிலிருந்து துடைத்துவிடும். க்ரூனர் வெல்ட்லினரின் வெள்ளை மிளகு வாசம் மிளகு தூவிய வறுத்த கோழிக்கும் முட்டைக்கோஸ் போன்ற காய்களுக்கும் ஏற்றது. காளானும் க்ரீமும் சேர்ந்த தட்டுக்கு ஷாப்லி. இன்னும் கனமான க்ரீம் என்றால் இந்த வகையை விட்டுவிட்டு ஓக் பீப்பாய் ஷார்டனேவுக்குப் போவதே மேல்.

சுட்ட சால்மன் நடுவாந்தரம். எலுமிச்சையோடு என்றால் சாவிஞ்ஞோன் பிளாங்க், வெண்ணெய் சாஸோடு என்றால் ஷாப்லி.

கேள்வி: காரமான உணவோடு வெள்ளை ஒயின் குடித்தால் வாய் இன்னும் எரிகிறது. குளிர்ச்சியாகக் குடித்தும் பலனில்லை.

பதில்: ஆல்கஹால்தான் காரணம். மிளகாயின் கேப்சைசின் வாயில் எந்த எரிச்சல் உணர்வைத் தூண்டுகிறதோ, ஆல்கஹாலும் அதையே தூண்டுகிறது. 14 சதவீத ஒயினை 9 டிகிரிக்குக் குளிரவைத்தாலும், முதல் இரண்டு நொடி இதமாக இருக்கும், விழுங்கிய பிறகு எரிச்சல் கூடிவிடும். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, ஆகவே ஒயினால் கழுவித் தள்ளவும் முடியாது. நுரைக்கும் ஒயின்கள் எரியும் நாக்கை இன்னும் குத்தும்.

செய்ய வேண்டியது: ஆல்கஹாலைக் குறையுங்கள், சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஜெர்மனியின் மோசல் பகுதியில் ‘காபினெட்’ என்ற இலகுவான ரக ரீஸ்லிங் பெரும்பாலும் 8 முதல் 10 சதவீத ஆல்கஹாலோடு, மிதமான இனிப்போடு, அதைச் சமன்செய்யும் நல்ல புளிப்போடு வரும். காரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வெள்ளை ஒயின் சுலபத்தில் கிடைக்காது. 6 முதல் 8 டிகிரிக்குக் குளிரவைத்து ஊற்றுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த காரச் சமையலுக்கும் இது நன்றாகவே ஒத்துப்போகும்.

மிதமான காரம் என்றால் இனிப்பற்ற ஆல்பரீன்யோவே போதும், 12.5 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் நீர் வரும் காரம் என்றால் ஒயினை அடுத்த நாளுக்கு வைத்துவிட்டுத் தயிரோ மோரோ குடியுங்கள். பாலில் உள்ள கேசின் புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொண்டு இறங்கும். அந்த வேலையை ஒயின் ஒருநாளும் செய்யாது.

கேள்வி: சாலட்டோடு எந்த ஒயினும் எடுபடுவதில்லையே?

பதில்: சாலட் அல்ல, வினிகர்தான் குற்றவாளி. வினிகரின் அசெட்டிக் அமிலம் ஒயினைவிடப் பலமடங்கு கடுமையானது. ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு எண்ணெய் என்பது வழக்கமான கணக்கு. ஒயின் மேசையில் இருக்கும் நாளில் வினிகருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு சேர்த்து, ஒன்றுக்கு நான்கோ ஐந்தோ பங்கு எண்ணெய் விடுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, நான்கு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், கால் டீஸ்பூன் உப்பு. நொறுக்கிய ஆட்டுப்பால் சீஸையோ வறுத்த கொட்டைகளையோ மேலே தூவினால் ஒயினுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

கேள்வி: ஆர்டிசோக் சாப்பிட்ட பிறகு ஒயின் இனிக்கிறதே?

பதில்: ஆர்டிசோக் என்ற பூமொட்டுக் காயில் உள்ள சைனரின் என்ற பொருள், அடுத்து வாயில் போடும் எதையும் இனிப்பாகக் காட்டும். தண்ணீர்கூட இனிக்கும். எலுமிச்சையும் உப்பும் தாராளமாகச் சேர்த்து, இருப்பதிலேயே புளிப்பான, இனிப்பே இல்லாத ஒயினை ஊற்றுங்கள். அஸ்பாரகஸ் வேறு கதை. அதன் கந்தக வாசம் ஒயினைத் தகரம்போல் ஆக்கும். வேகவைக்காமல் சுட்டு எடுத்தால் பாதிப்பு குறையும், க்ரூனர் வெல்ட்லினர் தாக்குப்பிடிக்கும்.

கேள்வி: விருந்தினர் வர அரைமணி நேரம் இருக்கும்போதுதான் பாட்டில் கையில் கிடைக்கிறது. ஃப்ரீசரில் வைத்தேன், கார்க் மேலே கிளம்பிவிட்டது. வேகமாகக் குளிரவைக்க வேறு வழி?

பதில்: ஐஸ் மட்டும் போட்ட வாளி வேலை செய்யாது, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும். பாதி ஐஸ், பாதி தண்ணீர் என்று நிரப்பி, பாட்டிலின் கழுத்துவரை முங்கவையுங்கள். இரண்டு கைப்பிடி உப்பைப் போட்டுக் கலக்கினால் தண்ணீர் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டிலைச் சுழற்றிவிடுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் தயார். சாதாரண ஃப்ரிட்ஜில் இதற்கு இரண்டரை மணி நேரமாவது பிடிக்கும்.

ஃப்ரீசரில் நடந்தது இதுதான். 12 சதவீத ஒயின் ஏறக்குறைய மைனஸ் 5 டிகிரியில் உறையத் தொடங்கும், வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18இல் இருக்கும். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பருத்துவிடும். அதற்கு இடம் வேண்டுமே, கார்க்கைத் தள்ளிக்கொண்டு வரும். திருகுமூடி என்றால் மூடியின் அடைப்பு கிழியும், சில நேரம் கண்ணாடியே விரிசல் விடும். ஃப்ரீசரைத்தான் நம்ப வேண்டும் என்றால் ஈரத்துணி சுற்றி வைத்து, கைபேசியில் 25 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். உறைந்துபோன ஒயின் கெட்டுப்போவதில்லை. ஃப்ரிட்ஜில் மெதுவாக உருகவிட்டு, அதைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குடிக்கும் வெப்பநிலை 8 முதல் 10 டிகிரி. ஷாப்லிக்கும் நல்ல சான்செருக்கும் 10, 11 வரை போகலாம். நான்கு டிகிரியில் ஊற்றினால் வாசம் முழுக்க அடங்கி, புளிப்பு மட்டுமே மிஞ்சும். விலை உயர்ந்த பாட்டிலை வீணாக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை, மட்டமான பாட்டிலின் குறையை மறைக்கவும் இதுவே வழி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து பத்து நிமிடம் மேசையில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். கிளாஸில் ஐஸ் போட வேண்டாம். உறைந்த திராட்சைகள் நாலைந்து போட்டால் ஒயின் நீர்த்துப்போகாமல் குளிரும்.

கேள்வி: பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் போல் ஏதோ மின்னுகிறது. கொட்டிவிடவா?

பதில்: வேண்டாம். அது டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு, சமையலறையில் ‘க்ரீம் ஆஃப் டார்டார்’ என்று இருக்கும் அதே பொருள். குளிரில் படிகமாகி இறங்கும், தீங்கில்லை. கண்ணாடித் தூளா என்ற சந்தேகம் தீர, கொஞ்சத்தை வெந்நீரில் போட்டுக் கலக்குங்கள். படிகம் கரையும், கண்ணாடி கரையாது.

கேள்வி: திறந்ததும் கெட்ட வாடை அடித்தால் ஒயின் கெட்டுவிட்டதா, அல்லது அந்த ஒயினின் குணமே அதுதானா?

பதில்: எந்த வாடை என்பதைப் பொறுத்தது.

நனைந்த அட்டைப்பெட்டி, ஈரமான நிலவறை வாடை என்றால் கார்க்கில் வந்த டி.சி.ஏ. என்ற மாசு. லிட்டருக்கு சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். காற்றுப்பட்டால் போகாது, நேரம் ஆக ஆக எடுப்பாகத் தெரியும். வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுங்கள், சமையலுக்கும் பயன்படுத்தாதீர்கள். இந்தத் தலைவலிக்குப் பயந்துதான் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் 2000ஆம் ஆண்டு அறுவடையில் திருகுமூடிக்கு மாறினார்கள். திருகுமூடி என்றால் மட்டமான சரக்கு என்று நினைப்பது வெள்ளை ஒயினைப் பொறுத்தவரை காலம் கடந்த எண்ணம்.

அணைத்த தீக்குச்சி அல்லது அழுகிய முட்டை வாடை என்றால் கந்தகச் சேர்மங்கள், காற்றில்லாமல் அடைபட்டுக் கிடந்ததால் வருவது. ஒரு ஜாடியில் வேகமாக ஊற்றி 15 நிமிடம் விடுங்கள். தீக்குச்சி வாடை பெரும்பாலும் போய்விடும். முட்டை வாடை நீடித்தால், நன்றாகத் தேய்த்துக் கழுவிய செம்புத் துண்டு ஒன்றை கிளாஸில் போட்டு ஒரு நிமிடம் சுழற்றுங்கள். செம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை, அதுவும் நிறமற்ற கண்ணாடி பாட்டிலில் என்றால், வெளிச்சம் தாக்கியிருக்கிறது. ஒயினில் உள்ள ரைபோஃபிளேவின் வெளிச்சத்தை உறிஞ்சி, கந்தகமுள்ள அமினோ அமிலத்தைச் சிதைப்பதால் வருகிறது. இதற்கு மருந்து கிடையாது. ஜன்னலோரமும் பளிச்சென்ற குழல்விளக்குக்கு நேர் கீழேயும் நின்ற நிறமற்ற பாட்டிலை வாங்காமல் இருப்பதே தற்காப்பு. பச்சை, பழுப்புக் கண்ணாடி ஓரளவு காக்கும்.

கேள்வி: ஒரு பாட்டிலில் எத்தனை கிளாஸ் வரும்? எந்த கிளாஸில் ஊற்றுவது?

பதில்: 750 மில்லியில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். 12.5 சதவீத ஒயின் என்றால் ஒரு கிளாஸில் ஏறக்குறைய 15 கிராம் ஆல்கஹால். வாய் சற்றுக் குறுகிய, காம்புள்ள நடுத்தர கிளாஸ் போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், காம்பைப் பிடியுங்கள்.

கேள்வி: மிச்சமான ஒயின் எத்தனை நாள் தாங்கும்?

பதில்: மூடி போட்டு ஃப்ரிட்ஜில் நிற்கவைத்தால் மூன்று முதல் ஐந்து நாள். படுக்கவைத்தால் காற்றுப்படும் பரப்பு கூடிவிடும். பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டதென்றால், சுத்தமான சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். காற்று குறையக் குறைய ஆயுள் கூடும். வெட்டி வைத்த ஆப்பிளின் பழுப்பு வாசம் வந்தால் ஆக்சிஜன் வேலையைத் தொடங்கிவிட்டது, வாணலிக்கு அனுப்புங்கள்.

கேள்வி: வெள்ளை ஒயின் வெண்ணெய் சாஸ் செய்தால் ஒவ்வொரு முறையும் எண்ணெய் பிரிந்துவிடுகிறது. அளவும் செய்முறையும் சொல்லுங்கள்.

பதில்: பிரெஞ்சில் ‘பேர் பிளான்’ என்கிற சாஸ் இது. நான்ட் பகுதியின் சொத்து, மஸ்கடேயின் கூட்டாளி.

நான்கு பேருக்கு: பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் 50 கிராம், இனிப்பில்லாத வெள்ளை ஒயின் 100 மில்லி, வெள்ளை ஒயின் வினிகர் 50 மில்லி, உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம். வெண்ணெயை ஒன்றரை சென்டிமீட்டர் கட்டங்களாக வெட்டி ஃப்ரிட்ஜிலேயே வைத்திருங்கள். வெங்காயம், ஒயின், வினிகர் மூன்றையும் அடிகனமான சின்ன பாத்திரத்தில் மிதமான தீயில் சுண்டவிடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்தால் ஓரத்தில் இரண்டு டேபிள்ஸ்பூன் திரவம் சேர வேண்டும். அதற்கு மேல் சுண்டிவிட்டால் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். தீயை மிகக் குறைவாக்கி, இரண்டிரண்டு கட்டிகளாக வெண்ணெயைப் போட்டு விடாமல் அடியுங்கள். முந்தையது முக்கால்வாசி கரைந்ததும் அடுத்தது.

பிரிவதற்குக் காரணம் சூடு. சாஸ் ஏறக்குறைய 58 டிகிரியைத் தாண்டினால் வெண்ணெய்க் கொழுப்பைப் பிடித்துவைத்திருக்கும் புரதம் விட்டுவிடும். பாத்திரத்தின் அடியை உள்ளங்கையால் தொட்டால் சுட வேண்டும், ஆனால் ஒரு நொடி தாங்க முடிய வேண்டும். ஆவி பறந்தாலே அதிகம். ஓரத்தில் மஞ்சள் எண்ணெய்க் கோடு தெரிந்தவுடன் அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு குளிர்ந்த கட்டிகளைப் போட்டு அடியுங்கள். முழுக்கப் பிரிந்துவிட்டதா? வேறு பாத்திரத்தில் ஒரு டேபிள்ஸ்பூன் க்ரீமைச் சூடாக்கி, பிரிந்த சாஸைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தால் மீண்டும் சேரும். சாஸை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்க முடியாது.

ஓர் எச்சரிக்கை: பூச்சில்லாத அலுமினியம், இரும்புப் பாத்திரம் வேண்டாம். ஒயின் அமிலம் உலோகத்தைக் கரைத்துச் சாஸைச் சாம்பல் நிறமாக்கும்.

கேள்வி: மஸல் சிப்பியை ஒயினில் வேகவைத்தால் ரப்பர் மாதிரி ஆகிறது.

பதில்: நேரம் கூடிவிட்டது. ஒரு கிலோ சிப்பிக்கு 150 மில்லி ஒயின் போதும். 30 கிராம் வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, ஒயினை ஊற்றி நன்றாகக் கொதித்த பிறகே சிப்பியைக் கொட்டி மூடுங்கள். பெருந்தீயில் மூன்று முதல் நான்கு நிமிடம், நடுவில் ஒருமுறை பாத்திரத்தைக் குலுக்குங்கள். வாய் திறந்தவுடன் எடுத்துவிட வேண்டும். உப்பு போடாதீர்கள், சிப்பியே கடல்நீரை விடும். சமைக்கும் முன் திறந்திருந்து, தட்டியும் மூடாத சிப்பிகளை எறிந்துவிடுங்கள். குழம்பை மெல்லிய துணியில் வடிகட்டினால் மணல் நிற்கும். பாட்டிலில் மிச்சம் இருப்பதே பக்கத்தில் குடிக்க ஏற்ற ஒயின்.

கேள்வி: நான் மது குடிப்பதில்லை. சமைத்தால் ஆல்கஹால் முழுக்க ஆவியாகிவிடும் என்கிறார்களே, சரியா?

பதில்: சரியில்லை. அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணைப்படி, கலந்து 15 நிமிடம் கொதித்த உணவில் 40 சதவீத ஆல்கஹால் மிஞ்சும். அரைமணியில் 35, ஒரு மணியில் 25, இரண்டரை மணியிலும் 5 சதவீதம் இருக்கும். மேலே சொன்ன மஸல் சமையலில் நான்கு நிமிடம்தான் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். முழுவதும் தவிர்க்க விரும்பினால், 100 மில்லி ஒயினுக்குப் பதில் 90 மில்லி காய்கறி அல்லது மீன் சாறும் இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறும் சேருங்கள். ‘வெர்ஜூ’ என்ற பழுக்காத திராட்சையின் சாறு கிடைத்தால் இன்னும் நெருக்கமாக வரும்.

கேள்வி: ஒயின் திராட்சைதானே, சைவம் என்று நம்பலாமா?

பதில்: எப்போதும் அல்ல. ஒயினைத் தெளியவைக்கப் பாலின் கேசின், முட்டையின் வெள்ளைக்கரு, ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் ஆகியவற்றைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அவை வண்டலோடு இறங்கிவிடும், பாட்டிலில் மிஞ்சுவது மிகச் சொற்பம். புரதக் கலங்கலை நீக்கப் பலர் சேர்ப்பது பென்டோனைட் என்ற களிமண், அது சைவம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் பால், முட்டை எச்சம் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும், ஐசிங்கிளாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே லேபிளில் எதுவும் சொல்லவில்லை என்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள், ‘வீகன்’ முத்திரையைத் தேடுங்கள்.

கேள்வி: எந்த சீஸ் சேரும்?

பதில்: ஆட்டுப்பால் சீஸ்தான் முதலிடம். க்ரோத்தேன் த ஷாவிஞ்ஞோல் என்ற புகழ்பெற்ற ஆட்டுப்பால் சீஸ், சான்செர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கிராமத்தின் பெயரைத் தாங்கியது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் காரணம் கேட்க மாட்டீர்கள். ஃபெட்டாவுக்கு அசிர்ட்டிகோ. நீலப்பூஞ்சை சீஸுக்கு இனிப்பு ஒயின் வேண்டும், இது தோற்றுவிடும். நன்றாகப் பழுத்த பிரீ சீஸின் வெள்ளைத் தோலில் அமோனியா வாடை ஏறியிருந்தால் ஒயின் கசக்கும். தோலைச் சீவிவிட்டு நடுப்பகுதியைச் சாப்பிடுங்கள்.